வரம்பிட்ட செல்வமும் அணி சேர்க்கும் வித்தையும்



பொருளாதாரச் சொற்பொழிவுக்கென ஏற்பட்ட இந்த அறக்கட்டளையின் மேடையில், வரிவிதிப்பையோ நாணய மாற்றையோ விவசாயக் கடனையோ எடுத்துக்கொள்ளாமல், கடல் கடந்த தேசத்து விளையாட்டு ஒன்றை, அதுவும் நம்மில் பெரும்பாலோர் ஓர் ஆட்டத்தைக்கூட முழுமையாகப் பார்த்திராத அமெரிக்கக் கால்பந்தை நான் விஷயமாகக் கொண்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், தேவைகள் பெருகியும் சாதனங்கள் குறுகியும் இருக்கும் நிலையில் மனிதன் எதை எடுத்து எதை விடுகிறான் என்பதை விசாரிப்பதே பொருளாதார சாஸ்திரம் என்று கொண்டால், அவ்விசாரணைக்கு இதைவிடத் தெளிவான சோதனைச்சாலை கிடைப்பது துர்லபம். 32 அணிகள், எல்லாவற்றுக்கும் ஒரே அளவான சம்பள உச்சவரம்பு, ஒவ்வோர் ஒப்பந்தத்தின் தொகையும் பத்திரிகைகளில் அச்சாகிறது, ஆண்டு முடிவில் வெற்றி தோல்வியின் கணக்கை யாரும் மறைக்க முடியாது. ஒரு சர்க்கார் இலாகாவைப் பற்றியோ ஒரு பெரிய கம்பெனியைப் பற்றியோ இத்தனை விவரங்கள் நம் கைக்கு எட்டுவதில்லை.

ஆட்டத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உலகமெங்கும் கால்பந்து என்று வழங்கும் ஆட்டமன்று இது. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, எதிரியின் எல்லையை நோக்கி அடி அடியாக முன்னேறும் ஆட்டம். களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேரே நிற்பார்களாயினும், தாக்குவதற்கு ஒரு கூட்டமும் தடுப்பதற்கு வேறொரு கூட்டமும் உதைப்பதற்கென்றே சிலரும் தனித்தனியாகத் தேர்ச்சி பெற்றிருப்பதாலும், எலும்பு முறிவதும் தசை கிழிவதும் வாராவாரம் நேர்வதாலும், ஓர் அணி 53 பேரைப் பட்டியலில் வைத்துக்கொள்கிறது. தாக்கும் கூட்டத்தின் நடுவே நின்று பந்தை எறிபவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அணியின் கதி பெரும்பாலும் அந்த ஒருவனைப் பொறுத்தது. ஆகவே சம்பளமும் அவனுக்கே அதிகம். இவ்வளவு தெரிந்தால் இன்றைய பேச்சுக்குப் போதும்.

இந்த உச்சவரம்பு எப்படிப் பிறந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் முதலாளிகளின் தாராள குணத்தாலோ சமத்துவ வேட்கையாலோ அது பிறந்ததாக ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. 1960-இல் இவ்வணிகளின் அமைப்பான நேஷனல் ஃபுட்பால் லீகின் ஆணையராகப் பொறுப்பேற்ற பீட் ரோஸெல், தொலைக்காட்சியிலிருந்து வரும் பணத்தை நியூயார்க் போன்ற மாநகரத்து அணியும் கிரீன் பே போன்ற சிற்றூரின் அணியும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமென்று வாதாடி, அதற்குத் தோதாக 1961-இல் அமெரிக்க காங்கிரஸில் ஒரு சட்டமும் இயற்றச் செய்தார். இவ்வாறு வருமானத்தில் பொதுவுடைமை பேசிய அதே முதலாளிகள், ஆட்டக்காரர்களின் விஷயத்தில் மட்டும் ஜமீன்தாரி முறையைக் கைவிடவில்லை. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனை இன்னொரு அணி சேர்த்துக்கொண்டால், பழைய அணிக்கு நஷ்டஈடு தர வேண்டும். ஈடு என்னவென்பதில் உடன்பாடு ஏற்படாவிட்டால் ஆணையரே அதைத் தீர்மானிப்பார். எவ்வளவு கேட்பாரோ என்ற அச்சத்திலேயே வேற்று அணிகள் கையை இழுத்துக்கொண்டன. ஜான் மக்கி என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில் இவ்விதி சட்டவிரோதமென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1976-இல் சொல்லியும், வேறு வேறு உருவங்களில் அந்தக் கட்டு நீடித்தது.

1982-இல் ஆட்டக்காரர்கள் 57 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 16 ஆட்டங்கள் நடக்க வேண்டிய பருவம் 9 ஆட்டங்களாகக் குறுகிற்று. வேறு பயன் அதிகமில்லை. 1987-இல் மறுபடி வெளியேறியபோது, முதலாளிகள் கிடைத்தவர்களைப் பிடித்து உடை மாட்டிவிட்டு மூன்று வாரம் ஆட்டத்தை நடத்தி, ரசிகன் பார்ப்பது ஆளையன்று, சட்டையின் நிறத்தையே என்பதை ஒருவாறு நிரூபித்துவிட்டார்கள். இதற்குப் பின்னரே, ஜீன் அப்ஷாவின் தலைமையிலிருந்த ஆட்டக்காரர் சங்கம் ஒரு விசித்திரமான யுக்தியைக் கையாண்டது. சங்கம் என்று ஒன்று இருக்கும்வரை ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் முதலாளிகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் கூறியதால், 1989-இல் அது பேரம் பேசும் சங்கமாக இருப்பதையே துறந்துவிட்டது. அதன் பிறகு ஃப்ரீமன் மக்நீல் முதலிய எட்டுப் பேர் தொடுத்த வழக்கில் 1992 செப்டம்பரில் மினியாபொலிஸ் நகரத்து ஜூரிகள், நடப்பிலிருந்த கட்டுப்பாடு சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்கள். அடுத்து ரெஜி ஒயிட் என்னும் புகழ்பெற்ற தடுப்பாட்டக்காரரின் பெயரால் வந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்தச் சமரசத்தின் ஒரு பக்கம், ஒப்பந்தம் முடிந்தவன் தன் விருப்பப்படி அணி மாறும் சுதந்திரம். மறு பக்கம், ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு. ஆட்டக்காரன் பெற்ற விடுதலைக்கு அவனே கொடுத்த விலைதான் இந்த வரம்பு. ஒயிட் 1993-இல் நான்காண்டுக்கு 1.7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கிரீன் பே அணிக்குப் போனார். மறு ஆண்டு, 1994-இல், வரம்பு அமலுக்கு வந்தது. அப்போது அதன் அளவு 3.46 கோடி டாலர், 2025-இல் 27.92 கோடி. லீகின் வருமானம் பெருகப் பெருக வரம்பும் உயரும்படி விகிதம் கட்டியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்திருக்கும் இளைஞர்களுக்கு இதன் சாயல் புலப்படும். 2008-இல் அணி ஒன்றுக்கு 50 லட்சம் டாலர் என்று வைத்திருந்த பணத்தில் சென்னை அணி 15 லட்சத்தைத் தோனி ஒருவருக்கே கொடுத்தது. ஆனால் அங்கே கணக்கு அந்தந்தப் பருவத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அமெரிக்க லீகிலோ, இன்று செய்யும் செலவை நாளைய கணக்கில் எழுதும் வசதி இருக்கிறது. நம் விஷயத்தின் சுவையெல்லாம் அந்த வசதியிலிருந்தே ஊறுகிறது.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். ஓர் ஆட்டக்காரனுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம். கையெழுத்திடும்போது ரொக்கமாக 2 கோடி டாலர். பிறகு ஆண்டுக்கு 40 லட்சம் சம்பளம். முதல் ஆண்டு அவன் கைக்கு 2.4 கோடி போய்விடுகிறது. ஆனால் உச்சவரம்புக் கணக்கில், அந்த 2 கோடியை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பங்கிட்டு ஆண்டுக்கு 40 லட்சமாக எழுதலாம் என்பது விதி. ஆகவே முதல் ஆண்டுப் பற்று 80 லட்சம் மட்டுமே. இதுவரை எல்லாம் இன்பம். இரண்டாண்டு சென்று முழங்கால் ஒடிந்தோ வேகம் குன்றியோ அவன் விலக்கப்பட்டால், இன்னும் எழுதப்படாமல் நிற்கும் 1.2 கோடியும் சேர்ந்து பேரேட்டில் வந்து விழும். ஆள் இல்லை, ஆட்டம் இல்லை, செலவு மட்டும் இருக்கிறது. அதை அந்நாட்டார் செத்த பணம் என்று சொல்லுகிறார்கள். அறுவடைக்கு முன்பே பச்சைப் பயிரின் பேரில் கடன் வாங்கிக் கல்யாணத்தை ஜாம்ஜாமென்று நடத்திவிட்டு, தை பிறந்ததும் களத்துமேட்டில் நெல்லை அளந்து கொடுத்துவிட்டு வெறும் சாக்கோடு திரும்பும் பழைய மிராசுதாரரைப் போல, இவ்விதியை மிதமிஞ்சி அனுபவித்த அணிகள் சில உண்டு.

முதலில் நினைவுக்கு வருவது சான் ஃபிரான்சிஸ்கோ. வரம்பு ஏற்பட்ட அந்த முதல் ஆண்டிலேயே, அதன் நிர்வாகி கார்மன் பாலிசி, கையிலிருந்த ஒப்பந்தங்களையெல்லாம் திருத்தி எழுதி இடம் உண்டாக்கிக்கொண்டு, டியான் சாண்டர்ஸ், கென் நார்ட்டன், ரிக்கி ஜாக்சன் போன்ற பெயர்பெற்றவர்களை வெளியிலிருந்து கொண்டுவந்தார். ஸ்டீவ் யங் பந்தெறிய, 1995 ஜனவரியில் சூப்பர் பவுல் எனப்படும் இறுதி ஆட்டத்தில் சான் டியேகோவை 49-26 என்று வென்றார்கள். சாண்டர்ஸ் அங்கே இருந்தது ஒரே பருவம். மறு ஆண்டே டல்லஸ் அணியின் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் ஏழாண்டுக்கு 3.5 கோடி டாலர் என்று பேசி, அதில் ஏறத்தாழ 1.3 கோடியை முன்தொகையாகக் கொடுத்து, ஆரம்ப ஆண்டுகளின் சம்பளத்தை அடிமட்டத்தில் வைத்து, அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தப் பருவத்தின் பட்டமும் டல்லஸுக்கே போயிற்று. இந்தத் தந்திரத்தைக் கண்ட லீக், பின்னர் விதியைச் சற்று இறுக்கிற்று. சான் ஃபிரான்சிஸ்கோவின் கடன் திரும்பிவர ஐந்தாண்டு ஆயிற்று. 1998-இல் 12 ஆட்டங்களில் வென்ற அணி 1999-இல் நான்கில் மட்டுமே வென்றது. வரம்பைச் சுற்றிப்போக எழுதிய ஒப்பந்தங்களுக்காக 2000-ஆம் ஆண்டு லீக் அதற்கு அபராதமும் விதித்தது.

இடையே ஒரு வேடிக்கை. 2010-இல் லீகுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலிருந்த பழைய உடன்படிக்கை முடிவடையும் தறுவாயில் இருந்ததால் அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் வரம்பே இல்லாதிருந்தது. டல்லஸும் வாஷிங்டனும் தங்கள் பெரிய செலவுகளை அவ்வாண்டில் கொட்டிக் கணக்கைச் சுத்தம் செய்துகொண்டன. இரண்டாண்டு கழித்து, வரம்பில்லாத ஆண்டில் வரம்பு மீறியதற்காக டல்லஸிடமிருந்து 1 கோடியும் வாஷிங்டனிடமிருந்து 3.6 கோடியுமாக உச்சவரம்பு இடம் பறிக்கப்பட்டது. சட்டம் படித்தவர்கள் இந்த அவையில் இருந்தால், இதன் நியாயத்தை எனக்குப் பிறகு விளக்கலாம்.

இனி மையமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லா அணிக்கும் ஒரே பணம்; நல்ல ஆட்டக்காரன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்; அவன் விலையும் சந்தையில் தெரிந்துவிடுகிறது. அப்படியானால் ஓர் அணி மற்றோர் அணியைவிட உயர்வது எப்படி? சந்தை விலை கொடுத்து 53 பேரையும் வாங்கும் அணி, இலக்கணப்படி பார்த்தால், பாதி ஆட்டம் வென்று பாதி ஆட்டம் தோற்க வேண்டும். அதைவிட மேலே போக வேண்டுமானால், தன் வேதனத்துக்கு மேற்பட்ட உழைப்பைத் தரும் ஆட்டக்காரர்கள் பலர் அதனிடம் இருந்தாக வேண்டும். ஒருவனுடைய ஆட்டத்தின் மதிப்புக்கும் அவன் பெறும் ஊதியத்துக்கும் உள்ள வித்தியாசமே அணியின் உண்மையான மூலதனம் என்பது என் அபிப்பிராயம். அந்த வித்தியாசம் நிலையானதன்று. ஒருவன் பெயரெடுத்த கணத்திலிருந்து அது கரையத் தொடங்குகிறது. ஆகவே யாரைச் சேர்ப்பது என்ற கேள்வியைவிட, யாரை எப்போது அனுப்புவது என்ற கேள்வியே கடினமானது. பெரிய அணிகளை நடத்தியவர்களின் திறமையை நான் அங்கேதான் அளக்கிறேன்.

இவ்வித்தியாசம் மிகுதியாகக் கிடைக்கும் இடம் டிராஃப்ட். கல்லூரிகளில் ஆடித் தேறிய இளைஞர்களை, முந்திய ஆண்டு கடைசியில் நின்ற அணி முதலாகவும் பட்டம் வென்ற அணி கடைசியாகவும், ஏழு சுற்றுகளில் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் முறை அது. எடுத்த அணியோடுதான் இளைஞன் ஒப்பந்தம் செய்ய வேண்டும். வேறு வழி அவனுக்கு இல்லை. கேட் மாசியும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தாலரும் இம்முறையை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 2013-இல் வெளிவந்தது. வரிசையின் தலையில் நிற்கும் உரிமைக்காக அணிகள் பல பின்னுரிமைகளை வாரிக் கொடுக்கின்றன. ஆனால் ஊதியத்தைக் கழித்துப் பார்த்தால் அதிக லாபம் தருவது தலைவரிசையன்று, முதற்சுற்றின் கடைசியும் இரண்டாம் சுற்றும்தான் என்று அவர்கள் காட்டினார்கள். தன் கணிப்பின்மேல் மனிதன் வைக்கும் மிதமிஞ்சிய நம்பிக்கையே இதற்குக் காரணம் என்பது அவர்கள் முடிவு. அவர்கள் ஆராய்ந்த காலத்தில் முதலில் எடுக்கப்பட்டவனுக்கு ஊதியம் மலைபோல் இருந்தது. 2010-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஓர் ஆட்டம்கூட ஆடுமுன் 5 கோடி டாலர் உத்தரவாதம் கிடைத்தது. 2011-இல் எழுதிய புதிய உடன்படிக்கை இளைஞர்களின் ஊதியத்துக்கு அட்டவணை வகுத்துவிட்டதால், அவ்வாண்டின் முதல்வனான காம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கும் சேர்த்து 2.2 கோடிதான். அதோடு, மூன்று பருவம் முடியும்வரை ஒப்பந்தத்தைத் திருத்தவும் கூடாது என்று ஆயிற்று. உடன்படிக்கை மேஜையில் உட்கார்ந்து பேரம் பேசியவர்கள் அனைவரும் ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்தவர்கள். கல்லூரியில் இருந்த பையன்களுக்கு அங்கே நாற்காலி இல்லை என்பதை நான் சுட்டிக்காட்டாமல் போக முடியாது.

இந்தப் புதிய விதியின் முதல் பெரும் பலனை அறுத்தது சியாட்டில். பயிற்சியாளர் பீட் கேரலும் மேலாளர் ஜான் ஷ்னைடரும் 2010-இல் பொறுப்பேற்று, மூன்றாண்டுகளில் சேர்த்த இளைஞர்களின் பட்டியல் இன்று பாடமாகப் படிக்கத்தக்கது. பின்களத்தைக் காத்தவர்களில் ஏர்ல் தாமஸ் முதற்சுற்றில் வந்தவர். காம் சான்ஸலரும் ரிச்சர்ட் ஷெர்மனும் ஐந்தாம் சுற்றில் வந்தவர்கள். அதாவது, நூறு பேருக்கு மேல் எடுக்கப்பட்ட பின்பு, மற்ற அணிகள் நாலைந்து முறை தாண்டிப்போன பின்பு கிடைத்தவர்கள். உயரமான, கைநீண்ட காவலர்களைக் கேரல் தம் தடுப்பு முறைக்கென்றே தேடினார். மற்றவர்கள் குறையென்று கண்ட உடலமைப்பு அவருக்குத் தேவையாக இருந்ததால் அது மலிவாகக் கிடைத்தது. 2012 வசந்தத்தில் மாட் ஃபிளின் என்பவரைக் குவார்ட்டர்பேக்காக மூன்றாண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் பேசி அழைத்து வந்தார்கள். அடுத்த மாதம் டிராஃப்டின் மூன்றாம் சுற்றில், 75-ஆவது ஆளாக, ரஸ்ஸல் வில்சனை எடுத்தார்கள். உயரம் போதாதென்று பலரும் ஒதுக்கிய இளைஞர் அவர். பயிற்சி முகாம் முடிவதற்குள் அந்த இளைஞரே முதல் இடத்துக்கு வந்துவிட்டார். பெரும்பணம் பேசி அழைத்தவரை உட்காரவைத்துவிட்டுச் சிறுபணம் பெறுபவரை ஆடவிடும் துணிவு சாமானியமானதன்று. கொடுத்த பணத்தை நியாயப்படுத்துவதற்காகவே ஆளை ஆடவைக்கும் அதிகாரிகள் எல்லாத் தொழிலிலும் உண்டு.

வில்சனுடைய நான்காண்டு ஒப்பந்தம் மொத்தம் 30 லட்சம் டாலருக்கு உட்பட்டது. 2013-இல் வரம்பு 12.3 கோடியாக இருந்தபோது அவர் பெயரில் எழுதப்பட்டது 7 லட்சத்துக்கும் குறைவு. வேறு சில அணிகள் அந்த ஓர் இடத்துக்கு ஒன்றரைக் கோடியும் இரண்டு கோடியும் கொடுத்துக்கொண்டிருந்த காலம். மிச்சப்பட்ட பணத்தில்தான் மைக்கேல் பென்னட், கிளிஃப் ஏவ்ரில் என்ற இரு முன்வரிசைத் தடுப்பாளர்கள் வந்தார்கள். 2014 பிப்ரவரி 2-ஆம் தேதி, பேட்டன் மேனிங் என்ற மகா குவார்ட்டர்பேக்கைக் கொண்டிருந்த டென்வரைச் சியாட்டில் 43-8 என்று நொறுக்கியது. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்ற மால்கம் ஸ்மித், ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். அதன் பிறகு வெற்றியே விலையை ஏற்றிவிட்டது. தாமஸுக்கும் ஷெர்மனுக்கும் 2014-இல் புதிய ஒப்பந்தம். வில்சனுக்கு 2015-இல் நான்காண்டுக்கு 8.76 கோடி. சியாட்டில் நல்ல அணியாக நீடித்தது. ஆனால் வில்சன் இருந்த காலத்தில் மறுபடி பட்டம் வெல்லவில்லை. யாரும் கெட்டுப்போகவில்லை, ஊதியமும் மதிப்பும் சமமாகிவிட்டன, அவ்வளவுதான்.

பிரியும் கலைக்கு வருவோம். நியூ இங்கிலாந்து அணியின் பயிற்சியாளராக இருந்த பில் பெலிச்சிக், கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர் என்பதை இந்த அவை தன் பெருமையில் சேர்த்துக்கொள்ளலாம். 2003 செப்டம்பர் ஆரம்பம். பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கிறது. அணியின் தலைவர்களுள் ஒருவரும், முந்திய பட்டத்துக்குத் தூணாக நின்றவரும், சகாக்களின் அன்புக்குப் பாத்திரமானவருமான லாயர் மிலாய் என்ற பின்களக் காவலர், சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்காததால் விலக்கப்பட்டார். உடனே பஃபலோ அணி அவரை அழைத்துக்கொண்டது. முதல் ஆட்டமே பஃபலோவுக்கு எதிராக. நியூ இங்கிலாந்து 31-0 என்று தோற்றது. ஆட்டக்காரர்கள் தங்கள் பயிற்சியாளரை வெறுக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் பேசினார்கள். மனிதாபிமானம் உள்ள எவனும் அன்று மிலாயின் பக்கமே நின்றிருப்பான், நானும் நிற்கிறேன். ஆனால் அந்த வசந்தத்திலேயே சான் டியேகோ வேண்டாமென்று விட்ட ராட்னி ஹாரிசன் குறைந்த செலவில் வந்து சேர்ந்திருந்தார். இரண்டாம் சுற்றில் எடுத்த யூஜீன் வில்சன் விரைவில் ஹாரிசனின் அருகில் நின்று ஆடத் தொடங்கினார். அந்த வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டமும் பஃபலோவோடுதான். அதில் நியூ இங்கிலாந்து 31-0 என்று வென்றது. பிறகு பட்டத்தையும் வென்றது. மறு ஆண்டும் வென்றது.

2009-இல் ரிச்சர்ட் சீமூர் என்ற மற்றொரு தூணை, பருவம் தொடங்க ஒரு வாரமே இருக்கும்போது, இரண்டாண்டு கழித்து வரவிருந்த ஒரு முதற்சுற்று உரிமைக்காக ஓக்லாந்துக்கு அனுப்பினார்கள். அந்த உரிமையில் வந்த நேட் சோல்டர், பின்னர் இரண்டு பட்டங்களில் குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காத்தார். இந்தச் சாமர்த்தியமெல்லாம் செல்லுபடியானதற்கு ஒரு காரணத்தை மறைக்கக் கூடாது: 2000-இல் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி இருபது பருவம் அங்கே இருந்தார், பல ஆண்டுகள் தம் தரத்துக்குச் சந்தை கொடுக்கும் விலையைவிடக் குறைவாகவே வாங்கிக்கொண்டார். அத்தகைய ஒருவர் அமைவதற்கு எந்த சாஸ்திரத்திலும் சூத்திரம் இல்லை.

குவார்ட்டர்பேக்குக்கு வரம்பில் எத்தனை பங்கு கொடுத்துவிட்டு ஓர் அணி பட்டம் வெல்ல முடியும் என்பது நெடுநாள் விவாதம். 1994-இல் ஸ்டீவ் யங் சான் ஃபிரான்சிஸ்கோவின் வரம்பில் சுமார் 13 சதவீதத்தை எடுத்துக்கொண்டார். அதற்கு மேற்பட்ட பங்கைப் பெற்ற எவரும் அடுத்த 27 பருவங்களில் பட்டம் வெல்லவில்லை. 2022-இல் கான்ஸஸ் சிட்டியின் பாட்ரிக் மஹோம்ஸ் 17 சதவீதத்தைப் பெற்றுக்கொண்டே வென்றார். எப்படியென்று பார்த்தால், அங்கும் ஒரு பிரிவு இருக்கிறது. அந்த மார்ச் மாதத்தில், லீகிலேயே மிக வேகமானவர் என்று பெயர்பெற்ற டைரீக் ஹில்லுக்குப் பெருந்தொகை கொடுக்க மனமில்லாமல், ஐந்து தேர்வு உரிமைகளுக்காக மயாமிக்கு அனுப்பிவிட்டார்கள். அவ்வுரிமைகளில் சிலவற்றை மாற்றிக்கொண்டு முதற்சுற்றில் ட்ரென்ட் மக்டஃபி என்ற காவலரைப் பெற்றார்கள். ஏழாம் சுற்றில் ஐஸாயா பச்சேகோ கிடைத்தார். மறு பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவை 38-35 என்று வென்றபோது, களத்தில் சுமையைத் தாங்கியவர்களுள் பலர் முதலாண்டுப் பையன்கள்.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி 2016-க்குப் பிறகு 2024 வரை முதற்சுற்றில் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. அவ்வுரிமைகளில் பலவற்றை ஜேலன் ராம்ஸி, மாத்யூ ஸ்டாஃபோர்ட் போன்ற தேர்ந்தவர்களுக்காகக் கொடுத்து, 2022 பிப்ரவரியில் பட்டம் வென்றது. அடுத்த பருவத்தில் 12 ஆட்டங்களில் தோற்றது. இந்தப் பேரம் லாபமா நஷ்டமா என்று கேட்டால், ஒரு பட்டத்துக்காக ஒரு பாழான ஆண்டைக் கொடுக்க எத்தனையோ நகரங்கள் வரிசையில் நிற்கும் என்றே சொல்வேன்.

கடன் வாங்குவதும் எப்போதும் பிழையன்று. வரம்பு ஆண்டுதோறும் உயருமானால், இன்றைய டாலர் நாளை வரம்பின் சிறு பங்காகச் சுருங்கிவிடுகிறது. செலவைத் தள்ளிப்போடுகிறவன் கெட்டிக்காரனாகிறான். கொள்ளைநோய் காரணமாக 2021-இல் வரம்பு 19.82 கோடியிலிருந்து 18.25 கோடியாக இறங்கியபோது, இவ்வழியில் ஆழப் போயிருந்த நியூ ஆர்லியன்ஸ் முதலிய அணிகள் திண்டாடின. ஆனால் 2024-இல் அது ஒரே தாவலில் 25.54 கோடிக்குப் போயிற்று. இதை நன்கு உணர்ந்தவர் ஃபிலடெல்ஃபியாவின் மேலாளர் ஹோவி ரோஸ்மன். இளைஞன் சந்தைக்குப் போகுமுன்பே, அவன் விலை உச்சிக்கு ஏறுமுன்பே, நீண்ட ஒப்பந்தம் பேசிவிடுவது அவர் வழக்கம். ஆடப்போகாத ஆண்டுகளையும் காகிதத்தில் சேர்த்து முன்தொகையை அவற்றின்மேல் பரப்புவதும் அவ்வாறே. ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்த, அமெரிக்க ஆட்டமே ஆடியறியாத ஜோர்டன் மாய்லாட்டாவை 2018-இல் ஏழாம் சுற்றில் எடுத்து, லீகில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராக வளர்த்தது அந்த அணி.

இம்முறையின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்று கேட்க வேண்டும். உச்சியிலுள்ள சிலருக்குக் கோடிகள். அட்டவணை ஊதியத்தில் ஆடும் இளைஞர் கூட்டம் ஒருபுறம். நடுவே, ஏழெட்டு ஆண்டு ஆடித் தேர்ந்து, நியாயமான விலை கேட்கும் நடுத்தர ஆட்டக்காரனுக்கு இடம் சுருங்குகிறது. அவனைவிடச் சற்றே குறைந்த ஒருவன் பாதிக்கும் குறைவான விலையில் டிராஃப்டில் கிடைக்கிறானே! பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கின் நிலை இன்னும் பரிதாபம். அவன் உடல் உச்சத்தில் இருக்கும் முதல் நாலைந்து ஆண்டுகள் அட்டவணை ஊதியத்தில் கழிந்துவிடுகின்றன. ஒப்பந்தம் முடியும்போது, தேய்ந்த கால்களுக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று அதே அணி கேட்கிறது. அப்போதும் அவனை விட்டுவிடாமல், நிர்ணயித்த ஒரு தொகைக்கு மேலும் ஓராண்டு பிடித்துவைக்கும் உரிமை அணிக்கு உண்டு. ரோஸெல் காலத்துக் கட்டின் மிச்சம் அது.

நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி 2018-இல் இரண்டாவது ஆளாக எடுத்த சாக்வான் பார்க்லியை, ஆறு பருவம் ஆடவைத்து, 2024-இல் போகவிட்டது. ரன்னிங் பேக்குகளின் விலை தாழ்ந்து கிடந்த அந்தச் சந்தையில் ஃபிலடெல்ஃபியா மூன்றாண்டுக்கு 3.775 கோடி டாலருக்கு அவரை வாங்கியது. ஏனெனில், அவர் ஓடுவதற்கு வழி திறந்துவிடும் மாய்லாட்டா முதலியோர் அங்கே ஏற்கனவே இருந்தார்கள். அவ்வாண்டு அவர் 2,005 கஜம் ஓடினார். 2025 பிப்ரவரி 9-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியா, கான்ஸஸ் சிட்டியை 40-22 என்று வென்றது. அடுத்த மாதமே சந்தை திறந்தது. அந்த இறுதி ஆட்டத்தில் மஹோம்ஸைத் திணறடித்த முன்வரிசையிலிருந்து மில்ட்டன் வில்லியம்ஸ் நான்காண்டுக்கு 10.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் நியூ இங்கிலாந்துக்கும், ஜாஷ் ஸ்வெட் அரிஸோனாவுக்கும் போனார்கள். டேரியஸ் ஸ்லே என்ற மூத்த காவலர் விலக்கப்பட்டார். இவர்களில் யாரையும் ரோஸ்மன் பிடித்துவைக்கவில்லை. சந்தைக்குப் போனவர்களை ஈடுசெய்ய லீக் தரும் உபரித் தேர்வு உரிமைகள் மறு ஆண்டில் வந்து சேரும். அவர்கள் விட்டுப்போன இடங்களில் நிற்க வேண்டிய இளைஞர்களுள் சிலர், முந்திய ஆண்டுகளின் டிராஃப்டிலேயே எடுக்கப்பட்டு, அட்டவணை ஊதியத்தில் ஏற்கனவே அணிக்குள் இருந்தார்கள்.